கேள்வி: கொழும்பில் பவுலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை, அதாவது கட்டைகளை, விழுத்தும் ஆட்டம்) விளையாடுகிறேன். காணொளிகளில் பந்து கடைசி நேரத்தில் கொக்கி போலத் திரும்புகிறது, என்னுடையது நேராகவே போகிறது. சொந்தப் பந்து வாங்கினால் சரியாகுமா?

திரும்பும். ஆனால் எந்த இடத்தில் திரும்பும் என்பது தரையில் பூசிய எண்ணெயின் கையில் இருக்கிறது. நண்பர்கள் ஆறு பேருக்கு முன்னால் மானம் போன பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் மகன் 2022இல் வந்தபோது, தான் பாவித்த பந்து ஒன்றை எனக்கென்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். 15 றாத்தல். நாங்கள் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. "பதினைந்து றாத்தலுக்கு எவ்வளவு பால்மா கொண்டுவந்திருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கரவண்டியில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் எறியிலேயே பந்து பாதித் தூரம் போவதற்குள் இடப்பக்கம் சாய்ந்து, பின்களை எட்டிப் பார்க்காமலே கானுக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அங்கே கொடுக்கும் பந்தில் 120 எடுக்கிறவன் அன்று எடுத்தது 71.

இரவு மச்சானை அழைத்துக் கதைத்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "பந்தில் எண்ணெய் வளையங்கள் தெரிகின்றனவா?" பையைத் திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத் தூசி மட்டும்தான் இருந்தது. "அப்படியென்றால் அந்தத் தரை காய்ந்து கிடக்கிறது" என்றான்.

எறியும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. வழக்கமாக அதில் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசுவார்கள். நடுவில் தடிப்பாக, ஓரங்களில் மெல்லிதாக. பந்து எண்ணெய்மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது கை கொடுத்த சுழற்சி வீணாகாமல் அப்படியே இருக்கும். காய்ந்த பகுதியைத் தொட்டதும் தரையைப் பற்றித் திரும்பும். நீங்கள் காணொளியில் பார்க்கும் கடைசி நேரத் திருப்பம் இதுதான். எண்ணெய் இல்லாத தரையில் பந்து தொடக்கத்திலேயே பற்றிக்கொள்கிறது. தப்பித்தவறிப் பின்கள் வரை போனாலும் வேகம் செத்துப்போய்த்தான் போய்ச் சேரும்.

எவ்வளவு பற்றும் என்பதைப் பந்தின் மேல்தோல் முடிவு செய்கிறது. பொதுப் பாவனைக்கு அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் பொலியெஸ்டர். அவை அதிகம் பற்றுவதில்லை, அதனால்தான் உங்களுடையது நேராகப் போகிறது. 1980களில் யூரிதேன் பந்துகள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பிடிக்கும். மச்சானுடையது அந்த வகை. போதாததற்கு, எண்ணெய் மிகுந்த லீக் ஆட்டங்களுக்கென்று 500ஆம் நம்பர் தேய்ப்புத் தாளால் அதைச் சொரசொரப்பாக்கி வைத்திருந்தான். அதை நான் காய்ந்த தரையில் உருட்டியிருக்கிறேன்! அந்தப் பந்தின் உள்ளே முழு உருண்டையாக இல்லாத கனமான கரு ஒன்றும் இருக்கிறது. அது சுழல் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய தோல் தரையைத் தொடுகிறது. மச்சான் கேட்ட வளையங்கள் பல கோடுகளாக விழுவது அதனால்தான்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், வலக்கைக்காரருக்கு ஸ்ட்ரைக் (ஒரே எறியில் பத்துப் பின்களும்) விழ, பந்து 1ஆம் 3ஆம் பின்களுக்கு இடையே (முன்னால் நிற்பது 1, அதற்குப் பின்னே வலப்பக்கம் நிற்பது 3) ஏறத்தாழ 6 பாகை சாய்வில் நுழைவது நல்லது. அப்படி நுழைந்தால் பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி விழுத்திவிடும். நேராகப் போகும் பந்து முதல் பின்னில் பட்டதும் வெளியே விலகிவிடும், நடுவில் 5ஆம் பின் நம்மைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன், வெள்ளைத் துணி ஒன்று கொண்டுபோங்கள். பந்து திரும்பி வந்ததும் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் பிடித்தால் வாங்கலாம். வாங்குவதென்றால் துளைகள் உங்கள் கை அளவுக்குப் போடப்பட வேண்டும். என் கணிப்பில் பந்தின் வகையைவிட இது முக்கியம். மச்சானின் பெருவிரல் துளைக்குள் டேப் ஒட்டித்தான் நான் சமாளிக்கிறேன். எறிக்கு எறி துடையுங்கள். எண்ணெய் ஊறிய தோல் பிடிப்பை இழந்துவிடும். கொழும்பு வெயிலில் காரின் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெடித்துவிடக்கூடும்.

நான் அந்தப் பந்தை மெருகேற்றிவிட்டேன். இப்போது கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது. துணி காய்ந்தபடி வரும் நாட்களில் அதைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. அங்கே இருக்கும் 12 றாத்தல் செம்மஞ்சள் பந்தை எடுத்து நேராகவே உருட்டுகிறேன்.