காதலித்து மணந்தவர்களுக்குள்ளும் வருடங்கள் போகப் போக மனதளவில் விலகல் வருவது ஏன்? அதைச் சரிசெய்ய முடியுமா?

நான்கு வருடம் காதலித்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். இப்போது 15 வருடம் ஆகிறது. எங்களுக்கும் வந்தது.

திருச்சியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் துவாக்குடியில் ஷிப்ட் வேலை. நான் டீச்சர். நைட் ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பேன். "கேஸ் புக் பண்ணியாச்சா", "சின்னவனுக்கு வேன் ஃபீஸ் கட்டணும்", இவ்வளவுதான் பேச்சு. முன்பு போட்ட சண்டைகள்கூட நின்றுபோயிருந்தன. அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காய்கறிக் கடையில் அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி, "அண்ணனுக்கு இந்தத் தடவையும் புரமோஷன் வரலியாமேக்கா" என்றாள். பட்டியல் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் தொண்டையை அடைத்தது.

ராத்திரி கேட்டேன், "ஏங்க என்கிட்ட சொல்லல?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லத்தான் வந்தேன். நீ பேப்பர் திருத்திட்டிருந்த. 'ம்'னு சொன்ன. அப்புறம் விட்டுட்டேன்." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

பிறகு அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேனின் ஆய்வைப் படித்தேன். புதிதாக மணமானவர்களைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார். ஒருவர் சின்னதாக ஏதாவது சொன்னால் மற்றவர் காதுகொடுக்கிறாரா என்பதைத்தான் அவர் கணக்கெடுத்தார். சேர்ந்திருந்தவர்கள் 100-க்கு 86 முறை காதுகொடுத்திருக்கிறார்கள். பிரிந்தவர்கள் 33 முறை. எல்லார் வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று சொல்ல மாட்டேன். என் 'ம்'-க்குப் பொருந்தியது.

வெளியூர் போய் வந்தால் சரியாகும் என்பார்கள். அதற்கு முன்பே கொடைக்கானல் போயிருந்தோம், அங்கேயும் ஆளுக்கொரு போன்தான். எங்களுக்கு உதவியது மொட்டைமாடி. அவருக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் சாப்பிட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டு மேலே போவோம். முதலில் ஐந்தே நிமிடத்தில் பேச்சு லோன் தவணைக்கு வந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்போம். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அவர் அந்தப் புரமோஷனைப் பற்றி வாயைத் திறக்க. அன்று நான் ஆறுதல்கூடச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

(உங்கள் வீட்டில் விலகலுக்குக் காரணம் அடியோ பயமோ என்றால், இந்தப் பதில் அதற்கானதல்ல. தயவுசெய்து நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.)

போன வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே, "நேத்து கேன்டீன்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். எனக்கு பஸ் நேரம். டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனேன்.