பட்டறைக் கேள்வி பதில்: அப்படியே தூக்கலாமா, கழற்றித் தூக்கலாமா?

கேள்வி: ஶ்ரீராமபுரத்தில் வாடகைக் கடையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். கடையைக் காலி செய்துவிட்டு பீன்யாவில் ஒரு ஷெட்டுக்குப் போகிறோம். 10 அங்குல பிளேடு போடும் டேபிள் சா (மேஜை ரம்பம்) ஒன்று இருக்கிறது, 3 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், மேலே வார்ப்பிரும்பு மேஜை. வாசல் இரண்டரை அடிதான், இறங்க மூன்று படி. லோடு ஆட்கள், ஆறு பேர் போட்டு அப்படியே தூக்கிவிடலாம் என்கிறார்கள். கழற்றினால் பழைய அளவு திரும்ப வருமா என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், பெங்களூரு

பதில்: ஆறு பேர் தூக்கிவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை. எதைப் பிடித்துத் தூக்குவார்கள்? ஃபென்ஸ், அதாவது கட்டையை அணைத்துத் தள்ளுகிற சட்டம், ஓடுகிற ரெயில்தான் முதலில் கைக்கு வரும், அப்புறம் மேஜையின் பக்க இறக்கை. இரண்டும் இருநூறு கிலோவுக்கு மேல் போகிற மெஷினின் பாரத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. வார்ப்பிரும்பு வளையாது, நேராக விரிசல்தான். அதனால் கழற்றுங்கள்; ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பாருங்கள். பிளேடை ஏற்றி இறக்கிச் சாய்க்கிற அமைப்பு எதில் முடுக்கியிருக்கிறது? கீழே உள்ள பெட்டியிலா, மேஜையின் அடிவயிற்றிலா? பெட்டியில் என்றால் மேஜையைத் தனியாக எடுத்துவிடலாம். மேஜையில் தொங்குகிறது என்றால் மேஜையையும் அதையும் பிரிக்காதீர்கள். இறக்கை, மோட்டார், கீழ் ஸ்டாண்டு இவற்றை மட்டும் எடுங்கள். 3 எச்.பி. மெஷின் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அப்படி வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

மெயினில் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பிளேடு நட்டு வராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். பற்கள் சுற்றுகிற திசையிலேயே திருப்பினால் கழலும். பிளேடு போனதும், அது மாட்டியிருந்த தண்டை (ஆர்பர்) கடைசிவரை இறக்கி, சாய்வை நேராக்குங்கள். மோட்டாருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் அதன் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஒயரைப் பிரிக்கும் முன் போனில் ஒரு படம்.

இப்போது மேஜை. இங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நாலு போல்ட்டையும் கழற்றி, நாலு பேராகத் தூக்கி, சுவரில் சாய்த்து வைத்தோம். பெட்டியின் ஒரு மூலையில் விரல்நகம் அகலத்துக்கு இரண்டு பித்தளைத் தகடு இருந்திருக்கிறது. உயரம் சரிசெய்ய யாரோ வைத்தது. மேஜையோடு ஒட்டி வந்து மரத்தூளில் விழுந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. தூளை எல்லாம் கூட்டி மூட்டை கட்டிக் கொடுத்தாயிற்று. புது இடத்தில் போட்டு ஓட்டினால் தேக்கின் ஓரம் ஒரு பக்கம் கருகுகிறது, வெட்டு செங்கோணத்தில் நிற்கவில்லை. மூன்று நாள் பிளேடைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே மேஜையைக் கொஞ்சமாகத் தூக்கி, நாலு மூலையிலும் தகடோ காகிதமோ இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மூலை, எத்தனை தகடு என்று எழுதி, மூலைக்கு ஒரு கவரில் போடுங்கள். போல்ட்டும் அதே கவரில்.

மேஜையைக் கிடத்தித் தூக்காமல், செங்குத்தாக நிறுத்தி விளிம்பில் பிடியுங்கள். இரண்டரை அடி வாசலுக்கும் அதுதான் வழி. பெட்டிக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் மூன்று துண்டு. தரையில் ஒரு ஆள் தள்ளினாலே உருளும். படியில் இரண்டு கனமான பலகையைச் சாய்த்துப் போட்டு, பைப்பை எடுத்துவிட்டு, மேலிருந்து கயிற்றில் பிடித்தபடி இறக்குங்கள். கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. நம் ஊர் லோடு ஆட்கள் 'நிதானா, நிதானா' என்று கத்திக்கொண்டே வேகமாக இழுப்பார்கள். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். குட்டி யானை வண்டி ஒன்று போதும். பெட்டியை நிமிர்த்தி இரண்டு பக்கமும் கட்டுங்கள், மேலே தார்ப்பாய்.

பீன்யா போனதும் அளவு. பிளேடில் ஒரு பல்லுக்கு சாக்பீஸ் குறி போடுங்கள். மைட்டர் கேஜ் (கட்டையைக் கோணம் பார்த்துத் தள்ளுகிற கருவி) ஓடுகிற மேஜைப் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கம் அளந்து, அதே பல்லைக் கையால் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி அளங்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை, லேசாகத் தளர்த்திய மேஜையை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்துங்கள். போல்ட்டை முடுக்கும்போதும் மேஜை கொஞ்சம் ஓடும். ஒவ்வொன்றாக முடுக்கி, ஒவ்வொரு தடவையும் அளங்கள். ஒரு காலைப்பொழுது போய்விடும், போகட்டும். ஃபென்ஸை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெல்ட்டும் பிளேடும் போடும் முன் மோட்டாரை ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். மூன்று ஃபேஸில் ஒயர் மாறியிருந்தால் தலைகீழாகச் சுற்றும். அந்தச் சுற்றில் பிளேடு நட்டே தளரலாம். மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: வண்டியில் வரும்போது மழை பட்டு மேஜை முழுக்கச் செம்பழுப்பாகிவிட்டது. பட்டைச் சீலை போடலாமா?
- இன்னொரு வாசகர், பெங்களூரு

பதில்: பட்டைச் சீலையோ உப்புத்தாளோ வேண்டாம். டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடித்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் ஒரே திசையில் தேயுங்கள். துடைத்துக் காய்ந்ததும் சிலிகோன் கலக்காத கெட்டி மெழுகு பூசுங்கள். சிலிகோன் மரத்தில் ஒட்டினால் பாலிஷ் பிடிக்காது, அப்புறம் அதற்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள்.