கால் சுண்டுவிரல் வரை இழுக்கும் இடுப்பு வலி: பெல்ட் போட்டு மூட்டை தூக்கலாமா?

கேள்வி: வயது 42. நெல் மண்டியில் 18 வருடமாக லோடு ஏற்றி இறக்குகிறேன். மூட்டை 75 கிலோ. மூன்று வாரம் முன்பு தரையில் கிடந்த மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பில் சுரீரென்றது. இப்போது இடது பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரை இழுக்கிறது. தும்மினால் உயிர் போகிறது. மெடிக்கலில் டைக்ளோபினாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் நாள் ஓடுகிறது. பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மூட்டை தூக்க வேண்டாம், பெல்ட் போட்டாலும் வேண்டாம்.

சுண்டுவிரல் வரை இழுப்பதையும் தும்மும்போது கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது சுளுக்காகத் தெரியவில்லை. இடுப்பு எலும்பு அடுக்கின் கடைசி டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை உறுத்துவதாக இருக்கலாம். ஊரில் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பது இதைத்தான். அதை எண்ணெய் போட்டுத் தடவியோ மிதித்தோ உள்ளே தள்ள முடியாது. தயவுசெய்து அதற்குப் போகாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் முட்டியும் வராமல் போனால், அல்லது தெரியாமலே கசிந்தால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், இரண்டு காலும் தளர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் சிறுநீர்ப் பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

அது எதுவும் இல்லையென்றால் ஒரு சோதனை. சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. பிறகு இடது காலில். வலியால் தயங்குவது வேறு. குதிகால் எழும்பாமல் பாதியில் சரிவது வேறு. சரிந்தால் நரம்பு பலம் இழக்கிறது என்று பொருள். உடனே எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டு காலும் சமமாக இருந்தால் ஸ்கேனுக்கு அவசரம் இல்லை. வலியே இல்லாத பலருக்கும் அதில் டிஸ்க் பிதுக்கம் தெரியும். படம் பார்த்துப் பயந்ததுதான் மிச்சமாகும். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கால்வலி தானாகத் தணியும். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் எடுக்கலாம்.

மாத்திரை விஷயம் எனக்குக் கவலை தருகிறது. வலியை மறைத்துக்கொண்டு அதே எடையைத் தூக்குகிறீர்கள். வெறும் வயிற்றில் டீயோடு போட்டால் குடல்புண். மதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரை போகும். மலம் தார் போலக் கறுத்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வியர்த்து வழியும் வேலையில் தண்ணீரும் குடிக்காமல் இதைப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கும். மூன்று வாரம் ஓட்டிவிட்டதால் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

படுத்தே கிடக்க வேண்டாம். தாங்கவே முடியாத நாள் ஒன்றிரண்டு போதும். பிறகு பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளில் நான்கு முறை நடங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி இரண்டு நிமிடம் இருங்கள். அப்போது வலி பாதத்தை விட்டுத் தொடைக்கும் இடுப்புக்கும் ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், நல்ல அறிகுறி, தொடருங்கள். பாதத்துக்கு இறங்கினால் நிறுத்துங்கள். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதீர்கள். இரவில் டிஸ்க் நீர் உறிஞ்சி ஊதியிருக்கும்.

பெல்ட் நல்ல முதுகைக்கூடக் காப்பதாக நிரூபணம் இல்லை. நடக்கத் துணையாகச் சில நாள் கட்டலாம், அவ்வளவுதான்.

அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். முதுகுத் தசை எலும்பிலிருந்து ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று இழுக்கிறது. மூட்டை அரை மீட்டர் முன்னால் இருந்தால் அது பத்து மடங்கு தூரம், தசையும் பத்து மடங்கு இழுக்க வேண்டும்: 75 கிலோவுக்கு 750 கிலோ இழுவிசை. உங்கள் மேலுடம்பின் எடை தனி. உடலோடு ஒட்டிப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் பாரமும் பாதி. இதில் இடுப்பையும் திருப்பினால் டிஸ்கின் பின்பக்க நார்கள் கிழியலாம். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

கால்வலி அடங்கி, குதிகால் பலமும் சமமானபின் பத்து கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி 25 கிலோ வரை வாருங்கள். 75 கிலோவைத் தரையிலிருந்து தனியாகத் தூக்குவது இனி வேண்டவே வேண்டாம். ஒரு ஆண் தனியாகச் சுமப்பது 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. மேஸ்திரியிடம் இதைச் சொல்லுங்கள். கேட்க வேண்டியதும் பெரிதல்ல: முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேடை, மூட்டையைச் சேர்ந்து தூக்கிச் சுமக்க உங்களோடு இன்னும் இரண்டு பேர். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாமல் இருந்தால் இந்த ஓய்வு நாட்களிலேயே போய்ப் பதிந்துவிடுங்கள்.