யோசெமிட்டியில் உணவுப் பையை மரத்தில் தொங்கவிடலாமா?

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இரவு தங்கி மலைநடை செல்பவர், உணவைக் கயிற்றில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, அங்கு அதற்கு அனுமதியே இல்லை. கருங்கரடிகள் நன்றாக மரமேறும், கயிற்றையும் கடித்து அறுத்துவிடும் என்பதால், கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். மனித உணவின் ருசி கண்ட கரடி அச்சம் விட்டு முகாம்களைத் தேடி வரும். அப்படிப் பழகிய சில கரடிகள் கொல்லப்பட்டிருக்கின்றன என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, குப்பை என மணமுள்ள எல்லாமே அந்த டப்பாவுக்குள் அடங்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் வீட்டிலேயே ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். இரவில் மூடியை இறுகப் பூட்டி, கூடாரத்திலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி, உருண்டு ஓடையிலோ பள்ளத்திலோ விழாத சமதரையில் வையுங்கள். அதில் கயிறு கட்ட வேண்டாம். கரடி இழுத்துச் செல்ல அதுவே பிடியாகிவிடும். காலியான முதுகுப்பையின் ஜிப்புகளைத் திறந்தே வைத்தால், மோந்து பார்க்கும் கரடி அதைக் கிழிக்கும் வாய்ப்பு குறையும்.

இருட்டிய பின் காரிலும் உணவை விடக்கூடாது. கரடி கதவையே பெயர்த்துவிடும். அதற்கென முகாம்களில் இரும்புப் பெட்டிகள் உள்ளன.