இறால் ஓடு, கைட்டோசான், மரபணு: டீச்சரிடம் கேளுங்கள்

கொளச்சல்: இறால் ஓட்டிலிருந்து மரபணு சிகிச்சைக்கு மருந்து செய்கிறார்களாமே டீச்சர்?

மருந்து இல்லை, மருந்தாகும் மரபணுவை (டிஎன்ஏவை) செல்லுக்குள் சுமக்கும் வண்டி. ஆசிடில் சுண்ணாம்பும் காரத்தில் புரதமும் போனால் மிஞ்சுவது கைட்டின். அதைச் செறிவான காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கைட்டோசான், அதுதான் வண்டி. வீட்டில் முயல வேண்டாம், கண்ணில் தெறித்தால் போச்சு.

மார்த்தாண்டம், எம்.எஸ்சி. மாணவி: கைட்டோசானை அப்படியே பயன்படுத்தாமல் ஏன் மாற்றுகிறார்கள்?

இதைத்தான் கேட்கணும். டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். கைட்டோசானின் அமீன் தொகுதிகள் புளிப்பில் நேர்மின்னூட்டம் பெறும். இரண்டும் ஒட்டிச் சுருண்டு நானோ உருண்டையாகும். சிக்கல் ரத்தத்தில். பிஎச் (புளிப்பு-கார அளவு) 6.5 சுமாரிலேயே பாதி மின்னூட்டம் போய்விடும், ரத்தமோ 7.4. கைட்டோசானை வினிகரில் கரைத்துப் பாருங்கள், கஞ்சித்தண்ணி மாதிரி வழவழவென்று நிற்கும். ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தால், நுரை அடங்கியதும் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள், மின்னூட்டம் போனதால் கரையாமல் பிரிந்தவை.

அதனால் மெத்தில் தொகுதிகளைச் சேர்த்து டிரைமெத்தில் கைட்டோசான் ஆக்குகிறார்கள். பிஎச் மாறினாலும் அதன் மின்னூட்டம் போகாது. ஆனால் மின்னூட்டம் கூடினால் செல் சவ்வும் சேதமாகும். பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர்) சங்கிலி கோர்த்தால் ரத்தப் புரதம் ஒட்டுவது குறையும், செல்லுக்குள் நுழைவதும் குறையலாம். நுழைந்த பிறகு, உள்ளே வருவதைச் செல் அடைத்து வைக்கும் எண்டோசோம் பையிலிருந்து தப்பணும், அதற்கு இமிடசோல் என்ற தொகுதியைக் கோர்க்கிறார்கள். கடைசியில் டிஎன்ஏவை விடவும் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மட்டும் போதுமா?

வாங்கும்போது அசிட்டைல் நீக்க அளவும் (கைட்டினிலிருந்து அசிட்டைல் தொகுதி எவ்வளவு போனது என்பது) மூலக்கூறு எடையும் கேளுங்கள். வெறுமனே 'கைட்டோசான்' என்று எழுதிய பாக்கெட்டை நம்பி ஒரு வருஷத்தைத் தொலைத்தவள் நான்.

பாறசாலை: இயற்கைப் பொருள்தானே, பக்கவிளைவு இருக்காதே?

ஆற்றங்கரை ஒதளங்காயும் இயற்கைதான், தின்றால் விஷம்.

பாறசாலை, மறுபடி: மரபணுவைச் சுமக்கப் பயன்படுத்தும் வைரஸைவிட இது பாதுகாப்பு என்று போன முறை நீங்களே சொன்னீர்களே!

பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். 1999-இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை ஆய்வில் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் நான்கு நாளில் இறந்தார். அந்த மாதிரி அபாயம் கைட்டோசான் போன்ற பாலிமரில் குறைவு என்றேன். செல்லுக்குள் மரபணுவைச் சேர்க்கும் சாமர்த்தியத்தில் வைரஸுக்குப் பக்கத்தில்கூட இது வராது என்றும் சொன்னேன். அப்புறம், இத்தனை தொகுதிகளைக் கோர்த்த பிறகு அது என்ன இயற்கை?

களியக்காவிளை: உடம்பு மெலிய கைட்டோசான் மாத்திரை சாப்பிடலாமா?

டாக்டரிடம் கேளுங்கள்.

இடைக்கோடு: எடை குறைய எத்தனை மாத்திரை...

மேலே பாருங்கள்.

கொளச்சல், மறுபடி: இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமையோசின் என்ற புரதம். சுத்திகரிப்பில் அது போயிருக்கணும். எவ்வளவு போனது? மறுபடியும் சொல்கிறேன், பாக்கெட்டைப் படியுங்கள்.

பூவார்: கணவாயில் கைட்டின் உண்டா டீச்சர்?

உண்டு. அரியும்போது முதுகிலிருந்து கண்ணாடித் தகடு போல உருவுவீர்களே, அதில்தான். சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை, ஆசிட் வேலை மிச்சம். தூக்கிப் போடாமல் நாலைந்து எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.