இரண்டு கரட் நீலக்கல்லும் ஆறு மில்லிமீற்றரும்

கேள்வி: என் தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள், வருகிற செப்டெம்பரில் பட்டம் பெறுகிறாள். அவள் பிறந்த மாதமும் அதுவே. மெல்லிய தங்கச் சங்கிலியில் சிறிய நீலக்கல் பதித்த பென்டன் ஒன்றைச் செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். தங்கத்துக்கும் கூலிக்கும் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன். கல்லுக்கு மட்டும் 40,000 ரூபாய் வரை செலவிடலாம். பேஸ்புக்கில் ஒருவர் ‘இயற்கையான இலங்கை நீலக்கல், சூடாக்காதது, குறையற்றது, 2 கரட், 6×5 மில்லிமீற்றர், சான்றிதழ் இலவசம்’ என்று 12,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். படத்தில் மிக அழகாக இருக்கிறது. முழுப் பணத்தையும் முதலில் வங்கியில் போடச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கல்லை வாங்க வேண்டாம். விலையை வைத்தே அப்படிச் சொல்லிவிடலாம் என்றாலும், அதைவிடத் தெளிவான சான்று அந்த விளம்பரத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்லுக்குக் கரட் என்பது எடை. ஒரு கரட் 200 மில்லிகிராம். (நகைக்கடையில் 22 கரட் என்பது தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும், சொல் ஒன்றாக இருப்பதால் படித்தவர்களும் இதில் குழம்பிப்போகிறார்கள்.) நீலக்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் நான்கு மடங்கு. ஆகையால் நீளமும் அகலமும் தெரிந்த கல்லின் எடையை ஓரளவு கணித்துவிடலாம். 6×5 மில்லிமீற்றர் அளவுள்ள நீள்வட்ட நீலக்கல், வழக்கமான ஆழத்தில் பட்டை தீட்டப்பட்டிருந்தால், ஒரு கரட்டைத் தொடுவதே அரிது. அது 2 கரட் நிறுக்க வேண்டுமானால் அதன் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றராக, அதாவது நீளத்தையும் மிஞ்சியதாக, பம்பரம் போல் இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு கல்லை யாரும் விளம்பரத்தில் ‘குறையற்றது’ என்று போடமாட்டார்கள். எடை, அளவு இரண்டில் ஒன்று பொய். ஒன்றில் பொய் சொன்னவர் மற்றதில் உண்மை சொல்வார் என்று நம்பி உங்கள் பணத்தை அனுப்ப நான் உடன்படமாட்டேன்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயற்கை, சூடாக்காதது, கண்ணுக்குக் குறை தெரியாதது, நல்ல நீலம், 2 கரட் ஆகிய ஐந்தும் ஒரே கல்லில் சேர்ந்து அமைவது அரிது. அப்படி அமைந்த கல்லை இரத்தினபுரியிலோ பேருவளையிலோ உள்ள வியாபாரி வெளிநாட்டு வாங்குநருக்காகப் பத்திரப்படுத்துவாரே தவிர, 12,000 ரூபாய்க்கு முகம் தெரியாத ஒருவருக்குக் கூரியரில் அனுப்பமாட்டார்.

இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். பல ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இணையத்தில் பார்த்து ஓர் ஊதா கலந்த நீலக்கல்லை வாங்கினேன். படத்தில் அது ஆழமான நிறத்துடன் நெருப்புப்போல் மின்னியது. வந்து சேர்ந்த கல்லின் ஓரங்களில் மட்டுமே நிறம் இருந்தது; நடுப்பகுதி வெளிறிப் போயிருந்தது. மேசையில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மேல் அதை முகம் மேலாக வைத்துக் குனிந்து பார்த்தேன். ‘கொழும்பு’ என்ற சொல்லின் ‘ழு’ கல்லின் நடுவே, கண்ணாடித் துண்டுக்குள் பார்ப்பதுபோல், ஒரு வளைவும் சிதையாமல் தெரிந்தது. அடிப்பகுதி போதிய சரிவின்றித் தட்டையாகத் தீட்டப்பட்ட கல்லில், மேலிருந்து விழும் ஒளி கண்ணுக்குத் திரும்பி வராமல் அடியால் வெளியேறிவிடும். வியாபாரிகள் இதனை ‘விண்டோ’ என்பார்கள். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். திருப்பி எடுப்பதாக அவர் எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதையும், நான் கேட்கவே இல்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

எனவே கல்லை இணையத்தில்தான் வாங்குவதென்றால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். கல் கையில் கிடைத்து, பரிசோதனைக்குக் கொடுத்து, பிடிக்காவிட்டால் முழுப் பணத்துக்கும் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாட்களுக்குள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனைக்கான நாட்களும் அந்தக் கெடுவுக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் இதைவிட நல்ல நிபந்தனைகள் இருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்பும் செலவும் சுங்க நடைமுறையும் சேர்ந்தால் சிறிய கல்லுக்கு அந்த அலைச்சல் கட்டாது. இந்த மண்ணில் விளையும் கல்லை இங்கேயே வாங்குங்கள்.

அடுத்தது படம். விளம்பரப் படத்தை நம்பாமல், ஒரு வீடியோ கேளுங்கள்: காலை வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில், கல்லைப் புறங்கையின் விரலிடுக்கில் வைத்து, மெல்லச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே கல்லை வீட்டு மின்குமிழின் மஞ்சள் ஒளியிலும் காட்டச் சொல்லுங்கள். பகலில் தூய நீலமாகத் தெரியும் சில இலங்கைக் கற்கள் மஞ்சள் ஒளியில் ஊதாவுக்குத் திரும்பும். சில, கருமையாகி நிறமே இல்லாததுபோல் அடங்கிவிடும். பட்டமளிப்பு இரவு விருந்தில் அந்தப் பிள்ளையின் கழுத்தில் கல் எப்படித் தெரியும் என்பதை அந்த இரண்டாவது வீடியோவே சொல்லும். வெள்ளைத் தாளின் மேல் சுழலும் மேசையில், நாலு பக்கமும் பளிச்சென்ற விளக்கடியில் எடுத்த படத்தில் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும்.

பக்கவாட்டில் எடுத்த படமும் அவசியம். நம் ஊரில் எடை குறையாதிருக்க அடிப்பகுதியைப் பருமனாக விட்டுத் தீட்டும் பழக்கம் உண்டு. அந்த வயிற்றுக்கும் நீங்கள் கரட் கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். ஆனால் கழுத்தில் அணிந்தபின் அது யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, மெல்லிய பென்டனில் அந்தக் கல் பின்புறம் துருத்தி நின்று, நெஞ்சில் சரியாகப் படியாமல் பக்கம் சாய்ந்துகொண்டே இருப்பதுதான். ஆகையால் எடையைக் கேட்பதோடு மில்லிமீற்றரில் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கேளுங்கள். உங்கள் தேவைக்கு 5 மில்லிமீற்றர் வட்டக்கல் போதும்; நீலக்கல்லில் அது சுமார் 0.6 கரட் வரும்.

சூடாக்கிய கல் என்றதும் தயங்குகிறவர்கள் பலர். சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடாக்கப்பட்டவையே. இரத்தினபுரிப் பக்கம் கெவுடா என்று சொல்லப்படும் பால்போல் மங்கிய கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சென்று, உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கி நல்ல நீலமாக்கினார்கள். அதுவரை அவற்றை இங்கே பொருட்படுத்தியவர் குறைவு. அந்த நிறம் கல்லுக்குள்ளேயே இருந்த மூலகங்களால் உண்டாவது. அது மங்குவதில்லை, கழுவினால் போவதில்லை. உங்கள் பணத்துக்குச் சூடாக்கிய இளநீலக் கல்லைத் தேடுவதே என் பார்வையில் சரி. விற்பவர் அதைச் சூடாக்கியது என்று சொல்லி, அந்த விலைக்கு விற்கவேண்டும்; அவ்வளவுதான்.

கண்ணாடி நிரப்பிய கல் அப்படியானதன்று. வெடிப்புகள் நிறைந்த மலிவான கல்லில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பித் தெளிவாக்குகிறார்கள். மாணிக்கத்தில் இது அதிகம். கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடியை நிரப்பிய நீலக்கற்களும் வந்துவிட்டன. தட்டாரின் ஊதுகுழல் நெருப்பு பட்டால் நிரப்பிய கண்ணாடி கெடும். தேசிக்காய்ச் சாறு பட்டாலும் அரிக்கும். நகையைத் தேசிக்காயால் துலக்கும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறதல்லவா? இத்தகைய கல்லை எந்த விலைக்கும் பரிசுக்கு வாங்காதீர்கள்.

செயற்கைக் கல் மூன்றாவது வகை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் 1902இல் வெளியிட்ட முறைப்படி, அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சுவாலையூடாக உதிர்த்து உருக்கி, மாணிக்கமும் நீலமும் செய்ய முடிகிறது. பொருளும் கடினமும் அடர்த்தியும் இயற்கைக் கல்லுக்கு உள்ளவையே. அதனால்தான் கீறிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என்று வீட்டில் செய்யும் சோதனைகள் எவையும் இங்கே உதவமாட்டா. உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய வளர்ச்சிக் கோடுகளை நுண்ணோக்கியில் தேர்ந்தவர் கண்டுபிடிப்பார். அம்மம்மாவின் காலத்துத் தோட்டில் உள்ள சிவப்புக்கல்லும் இப்படிப்பட்டதாக இருக்கலாம். பழைய நகை என்பதே கல்லுக்குச் சான்றாகாது.

ஆகவே பரிசோதனை ஆய்வுகூடத்தில்தான் நடக்க வேண்டும். நீங்கள் கொழும்பில் இருப்பது இதில் பெரிய வசதி. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கொழும்பு 3இல் இருக்கிறது. கட்டணம் செலுத்தி அதன் ஆய்வுகூடத்தில் கல்லைச் சோதிக்கக் கொடுக்கலாம். இரத்தினக்கல் வியாபாரம் செய்பவரிடம் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்பதால், அதன் பிரதியை விற்பவரிடம் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. தருவதில் அவர் காட்டும் தயக்கத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

‘இலவசச் சான்றிதழ்’ என்பதை எச்சரிக்கையாகப் பாருங்கள். ஆய்வுகூட அறிக்கையில் கல்லின் கனிமப் பெயர், இயற்கையா செயற்கையா என்பது, எடை, மில்லிமீற்றர் அளவுகள், சூடாக்கப்பட்டதா என்ற விவரம் ஆகியவை இருக்கும். பளபளப்பான அட்டையில் கல்லின் பெறுமதி என்று பெருந்தொகை ஒன்று அச்சிடப்பட்டிருந்தால், அது விற்பனைக்காகச் செய்த அட்டை என்றே கொள்ளுங்கள். உண்மையான அறிக்கையானாலும், அதன் இலக்கத்தை ஆய்வுகூடத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். கல் வந்ததும் எடையையும் அளவையும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல அறிக்கையை வேறொரு கல்லோடு சேர்த்து விற்பது நடக்கக்கூடியதே.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. புஷ்பராகம் என்று ஒருவர் மஞ்சள் நீலக்கல்லைச் சொல்வார். இன்னொருவர் டோபாஸைச் சொல்வார். ‘மாத்தறை வைரம்’ வைரமே அன்று; அது சிர்கோன் என்ற வேறொரு கனிமத்தின் நிறமற்ற வகை. எனவே ரசீதில் அழகுப்பெயர் எழுதாமல் கனிமப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. நீலக்கல் சனிக்குரியது, சாதகம் பாராமல் அணியக்கூடாது என்ற எண்ணம் நம்மவரிடையே வலுவாக இருக்கிறது. நீங்கள் அதைப் பொருட்படுத்தாதவராக இருக்கலாம். ஆனால் உங்கள் தங்கையோ பிள்ளையின் அப்பம்மாவோ பொருட்படுத்தினால், அந்தச் சங்கிலி அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். கல் வாங்குமுன் தங்கையிடம் மட்டும் இரகசியமாகக் கேட்டுவிடுங்கள். தயக்கம் தெரிந்தால் நீலநிற ஸ்பினலைப் பாருங்கள். இரத்தினபுரிச் சரளைகளில் நீலக்கல்லோடு சேர்ந்தே கிடைக்கும் அந்தக் கல், சாம்பல் கலந்த நீலத்திலும் ஊதாவிலும் வருகிறது. பெரும்பாலும் சூடாக்கப்படாமலே விற்கப்படுகிறது. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 8 என்பதால் நாள்தோறும் அணியலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு மங்கலான நீலக்கல்லைவிடத் தெளிந்த ஸ்பினல்தான் அதிகம் பிடிக்கும். அதிலும் செயற்கை ஏராளம் என்பதால் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். இன்னும் சிக்கனமாக என்றால், மீட்டியாகொடைச் சந்திரகாந்தக்கல்லின் நீல ஒளி மென்மையானது. மோதிரத்தில் விரைவில் கீறுபடும், கழுத்தில் தாங்கும்.

கல் கைக்கு வந்தபின் செட்டியார் தெருவில் உங்களுக்குப் பழக்கமான நகைத் தொழிலாளியிடம் கொடுங்கள். பற்றவைக்கும் வேலை எல்லாம் முடிந்தபிறகே கல்லைப் பதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பற்றவைக்கப் பூசும் வெண்காரம் சூட்டில் பட்டால் நீலக்கல்லின் மேற்பரப்பே குழிவிழும். பின்பக்கத்தை மூடாமல் திறந்து விடச் சொல்லுங்கள். கொடுக்குமுன் அவர் கண்முன்னே கல்லை நிறுத்து, எடையையும் அளவையும் வேலைச் சிட்டையில் எழுதுவியுங்கள். அது அவரைச் சந்தேகிப்பதாகாது; நல்ல தொழிலாளிக்கும் அதுவே பாதுகாப்பு.

செப்டெம்பருக்குக் கல் தேட, சோதிக்க, தேவையானால் திருப்பி அனுப்பி மீண்டும் தேட, நகை செய்ய என்று குறைந்தது இரண்டு மாதமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆய்வுகூட அறிக்கையின் பிரதியொன்றை நகைப்பெட்டியின் அடியில் மடித்து வையுங்கள். மூலத்தையும் ரசீதையும் உங்களிடமே வைத்திருங்கள். பிற்காலத்தில் கல்லை மோதிரமாக மாற்றவோ காப்புறுதி செய்யவோ அவள் நினைத்தால், அதைக் கேட்டு உங்களிடம்தான் வருவாள்.