வேளாண் பூச்சியியலின் முன்னோடிகளில் நீங்கள் பெரிதும் மதிப்பவர் யார்? ஏன்?

என் பதில், சார்லஸ் வாலண்டைன் ரைலி. பூச்சியியல் பாடநூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்த பொறிவண்டோடு சேர்ந்து ஒரு பத்தியில் வந்து போய்விடும். அந்த வெற்றி பெரியதுதான். ஆனால் அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பு திராட்சைக் கொடியின் வேரில் வாழும் ஒரு சிறு பூச்சியைப் பற்றி அவர் செய்த ஆய்வையே நான் அவருடைய மிகச் சிறந்த பணியாகக் கருதுகிறேன். ஒரு பூச்சியின் வாழ்க்கையை முழுவதும் அறியாமல் அதற்கு மருந்து சொல்லக் கூடாது என்பதில் அவர் கொண்டிருந்த உறுதி அந்த ஆய்வில்தான் நன்றாக விளங்குகிறது.

ரைலி 1843இல் லண்டனில் பிறந்தார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பள்ளிக் கல்வி பெற்றார். 17 வயதில் தனியே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, இல்லினாய் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பூச்சியியலில் அவருக்கு முறையான கல்லூரிப் படிப்பு கிடையாது. இளமையிலேயே தேர்ந்த ஓவியக் கையும், வயலில் கண்டதை விடாமல் குறித்து வைக்கும் பழக்கமுமே அவருடைய மூலதனம். பிறகு சிகாகோவில் ஒரு வேளாண் இதழில் செய்தியாளராகவும் ஓவியராகவும் பணியாற்றி, அதன் பூச்சிப் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1868இல் மிசூரி மாநிலம் அவரைத் தன் முதல் பூச்சியியலாளராக நியமித்தபோது அவருக்கு வயது 24. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக அவர் வெளியிட்ட ஒன்பது அறிக்கைகளும் உழவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டவை. படங்களும் பெரும்பாலும் அவர் வரைந்தவையே. அவற்றுள் மூன்றாவதைப் படித்த சார்லஸ் டார்வின், ரைலியின் உற்றுநோக்கும் ஆற்றலை வியந்து அவருக்கே கடிதம் எழுதினார்.

இனி திராட்சைக்கு வருகிறேன். 1860களில் தெற்கு பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. பட்ட கொடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அழுகிய வேரைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. சாறு வற்றிய வேரை விட்டுப் பூச்சி அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடும் என்பதால், செத்த கொடியில் தேடியவர்களிடமிருந்து அது தப்பிக்கொண்டே இருந்தது. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் அவருடைய குழுவினரும் உயிரோடிருந்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தபோதுதான், வேரை மொய்த்துக் கிடந்த மஞ்சள் நிறப் பூச்சிகளைக் கண்டார்கள். அசுவினிக்கு நெருங்கிய உறவான அந்தப் பூச்சியே ஃபைலாக்சரா. ஆனாலும், பூச்சி நோயின் விளைவே தவிர நோயின் காரணம் அன்று என்று வாதிட்ட அறிஞர்கள் பிரான்சில் பலர் இருந்தார்கள்.

அமெரிக்காவிலோ திராட்சை இலையில் கொப்புளம் போன்ற முடிச்சுகளை உண்டாக்கும் ஒரு பூச்சியை, நியூயார்க் மாநிலத்தின் பூச்சியியலாளர் ஆசா ஃபிட்ச் 1850களிலேயே விவரித்திருந்தார். ஒன்று இலையில் வாழ்கிறது, மற்றொன்று வேரில் வாழ்கிறது. ஒன்றால் பெரிய தீங்கில்லை, மற்றொன்று தோட்டத்தையே அழிக்கிறது. இரண்டும் ஒரே பூச்சியாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காணும் பணியில் ரைலி இறங்கினார். இலை முடிச்சுகளில் பிறந்தவை வேருக்கு இறங்கி அங்கே வேரில் வாழும் வடிவத்தை எடுக்கின்றன என்பதை அவர் காட்டினார். 1871இல் பிரான்சுக்குச் சென்று அங்குள்ள பூச்சிகளையும் நேரில் பார்த்து, இரு கண்டங்களிலும் இருப்பது ஒரே இனம்தான் என்பதை உறுதிப்படுத்தினார். பூச்சியின் தாயகம் அமெரிக்கா என்பது தெளிவானதும் இன்னொரு பழைய புதிருக்கும் விடை கிடைத்தது: குடியேறிகள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து நட்ட ஐரோப்பியத் திராட்சைகள் கிழக்கு அமெரிக்காவில் தழைக்காமல் போனதற்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணம்.

இதிலிருந்து அவர் எடுத்த அடுத்த அடிதான் என்னை மிகவும் கவர்கிறது. பூச்சியோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சை இனங்களின் வேர்கள், கடிபட்டாலும் காயத்தை ஆற்றிக்கொண்டு பிழைத்துக் கிடக்கின்றன. ஆகவே பூச்சியை ஒழிக்க முடியாவிட்டாலும், அதைத் தாங்கும் வேரைக் கொடிக்குக் கொடுக்க முடியும். அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் யோசனை ரைலி ஒருவருக்கே உரியதன்று. பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும் அதை முன்வைத்திருந்தார்கள். எந்த இனம் எவ்வளவு தாங்கும் என்ற அறிவை வயலிலிருந்து திரட்டித் தந்தது ரைலியின் பங்கு. 1873இல் பிளான்ஷோன் அமெரிக்கா வந்து அவருடன் சேர்ந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். பின்னர் மிசூரியின் நாற்றுப் பண்ணைகளிலிருந்து திராட்சைத் துண்டுகள் பெருமளவில் பிரான்சுக்குக் கப்பலேறின. பிரெஞ்சு அரசு ரைலிக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களில் இன்றும் கொடிகள் ஒட்டுக்கட்டியே வளர்க்கப்படுகின்றன.

அதே ஆண்டுகளில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் மேற்கு மாநிலங்களின் பயிர்களை அழித்தன. 1875இல் மிசூரி ஆளுநர் நோன்புக்கும் பிரார்த்தனைக்கும் ஒரு நாளைக் குறித்தபோது, வேண்டுதலோடு ஒழுங்கான உழைப்பும் சேர வேண்டும் என்று ரைலி பணிவாகவே எழுதினார். முட்டைகளை உழுது வெளிக்கொணர்வது, சிறகு முளைக்காத குஞ்சுகளைக் குழி வெட்டிப் பிடிப்பது என்று, பூச்சி எந்தப் பருவத்தில் நம் கைக்கு எட்டுமோ அந்தப் பருவத்துக்கேற்ற வழிகளை அவர் பரிந்துரைத்தார்.

பின்னர் வாஷிங்டனில் அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் தலைவரானபோதும் அணுகுமுறை மாறவில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களைப் பஞ்சுபோல் மூடிய ஒரு செதிள்பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதைக் கண்டறிந்த அவர், சொந்த மண்ணில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரிகளை அங்கேயே தேட வேண்டும் என்றார். துறை ஊழியர்கள் வெளிநாடு செல்ல அரசுப் பணத்தைச் செலவிட நாடாளுமன்றம் தடை விதித்திருந்ததால், மெல்போர்ன் கண்காட்சிக்கான நிதியிலிருந்து ஆல்பர்ட் கோபெலே என்ற உதவியாளர் 1888இல் அனுப்பப்பட்டார். ரைலி முதலில் பெரிதும் நம்பியது செதிள்பூச்சிக்குள் முட்டையிடும் ஒரு சிறு ஈயை. ஆனால் கோபெலே அனுப்பிய வெடாலியா என்ற பொறிவண்டு அதை விஞ்சியது. லாஸ் ஏஞ்சலஸில் துணிக் கூடாரமிட்ட ஒரு மரத்தில் விடப்பட்ட வண்டுகள், 1889ஆம் ஆண்டின் முடிவுக்குள் அப்பகுதித் தோட்டங்களையே சுத்தம் செய்துவிட்டன.

அந்த வெற்றிக்குப் புகழ் யாருக்கு என்பதில் கலிபோர்னியத் தோட்டக்காரர்களுக்கும் ரைலிக்கும் இடையே கசப்பான சச்சரவு மூண்டது. அவர்கள் கோபெலேயைக் கொண்டாடினார்கள். ரைலியோ திட்டம் தன்னுடையது என்றார். என் கணிப்பில் இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. கடலைக் கடந்து சென்று உயிருள்ள வண்டுகளைத் திரட்டி அனுப்பிய கோபெலேயின் திறமையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. அவர் எங்கே, எதற்காகச் செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்தது ரைலியின் பல ஆண்டுச் சிந்தனை. ரைலி எளிதில் பழகக்கூடிய மனிதராக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1894இல் பதவி விலகிய ரைலி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் தெருவில் மிதிவண்டியில் செல்லும்போது, ஏதோ ஒரு சரக்கு வண்டியிலிருந்து விழுந்து கிடந்த கல்லில் மோதி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு 52 வயதுகூட நிறையவில்லை. தாம் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சி மாதிரிகளை அவர் முன்னரே அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்திருந்தார்.

இவரைப் படிக்க விரும்புவோருக்கு மிசூரி அறிக்கைகளே சிறந்த தொடக்கம். அவை இப்போது எண்ணிம நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. யக்கா செடியின் மகரந்தத்தை உருட்டி எடுத்துச் சென்று, தான் முட்டையிட்ட பூவிலேயே திணித்து வைக்கும் அந்துப்பூச்சியைப் பற்றி 1870களில் அவர் எழுதியவற்றையும் தேடிப் படியுங்கள். பயிருக்குப் பயன் ஏதும் எதிர்பாராமல், அந்தப் பூச்சி என்ன செய்கிறது என்பதை அறிவதற்காக மட்டுமே அவர் செய்த வேலை அது.